பிள்ளைக்கு முன் மருந்தை நிறுத்துவதா, தொடர்வதா? குடல் அழற்சி நோய் உள்ளவர்களின் தேர்வுகள்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ கிரோன்ஸ் நோயோ இருக்கும் பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தைப் பேச்சு தொடங்கியதும், வீட்டில் எல்லோர் கண்ணும் மாத்திரை டப்பா மேல்தான் போகும். "இத்தனை மாத்திரை போட்டுக்கொண்டு எப்படிப் பிள்ளை பெறுவது? கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுப் பாரேன்" என்று அம்மா சொல்வார், மாமியார் சொல்வார், சில சமயம் மகப்பேறு மருத்துவரே சொல்லிவிடுவார். முழுகாமல் இருக்கும்போது தலைவலி மாத்திரைக்கே யோசிக்கிற ஊர் நம்முடையது. அந்தப் பயத்தில் தப்பில்லை.

ஒரு கணக்கு மட்டும் அதில் விட்டுப்போகிறது. மருந்தை நிறுத்தினால் ஆரோக்கியமான, மருந்து படாத கர்ப்பம் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பலருக்குக் கிடைப்பது புண்ணாகி ரத்தம் போகும் குடலோடு ஒரு கர்ப்பம். கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை மூன்றும் கூடுவது நோய் கிளம்பியிருக்கும்போதுதான். அதனால் கீழே வரும் ஒவ்வொரு தேர்வையும் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: எந்த வழி குடலை அடக்கி வைக்கும்?

(மன உளைச்சலில் வயிறு கலக்கும் ஐபிஎஸ் வேறு, இங்கே பேசும் ஐபிடி, அதாவது கொலைட்டிஸும் கிரோன்ஸும் சேர்ந்த குடல் அழற்சி நோய், வேறு. இது குடலில் புண் வரும் நோய்.)

இப்போதேவா, நோய் அடங்கிய பிறகா?

நோய் கிளம்பியிருக்கும் நேரத்தில் கருத்தரித்த பெண்களைப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது கர்ப்பம் முழுக்க அப்படியே தொடர்கிறது. இன்னொருவருக்கு மோசமாகிறது. மூன்றாமவருக்குத்தான் தணிகிறது. அடங்கியிருக்கும்போது கருத்தரித்தவர்களில் பெரும்பாலோருக்கு அடங்கியே இருக்கிறது. இடையில் கிளம்புவது உண்டு, ஆனால் கர்ப்பம் இல்லாத ஆண்டில் கிளம்பும் அளவுக்குத்தான்.

ஆகவே காத்திருப்பது நல்லது. எவ்வளவு நாள்? ஸ்டீராய்டு இல்லாமல் குறைந்தது 3 மாதம், முடிந்தால் 6 மாதம் நோய் அடங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். "இப்போது வயிறு நன்றாக இருக்கிறது" என்பது மட்டும் அடங்கியதற்கு அத்தாட்சி ஆகாது. குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் கால்புரோடெக்டின் என்ற புரதத்துக்கு ஒரு மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் குழாய் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் ஒரு கொலோனோஸ்கோப்பி, இரண்டையும் கருத்தரிக்கும் முன்பே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். கர்ப்பத்தில் கொலோனோஸ்கோப்பியை அவசியம் இருந்தால் ஒழியச் செய்ய மாட்டார்கள்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. 26 வயதில் ஆறு மாதம் ஒரு பொருட்டே இல்லை, 36 வயதில் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் வயது ஏறிவிட்டது என்பதற்காக ரத்தம் போகும் குடலோடு முயற்சி தொடங்குவதைவிட, சிகிச்சையை ஒரு படி ஏற்றி நோயைச் சீக்கிரம் அடக்குவதே மேல் என்பேன். அதே பழைய மருந்தை வைத்துக்கொண்டு "தானாகச் சரியாகட்டும்" என்று ஒரு வருடம் காத்திருப்பது எல்லாவற்றிலும் மோசம். வயதும் போகும், நோயும் போகாது.

காத்திருக்கும் காலத்துக்குக் கருத்தடை வேண்டும் என்பதைப் பலர் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கிளம்பியிருக்கும் நோயில் ரத்தம் உறையும் அபாயம் ஏற்கெனவே கூடுதல் என்பதால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைவிடக் காப்பர்-டி பொருத்தமானது. நோய் அடங்கியிருக்கும் பெண்ணுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போலத்தான். என்றாலும் ஆறு மாதம் முயன்றும் நிற்கவில்லை என்றால் வருடம் முடியட்டும் என்று இருக்காமல் கருத்தரிப்பு மருத்துவரைப் பார்த்துவிடலாம். தேவைப்பட்டால் ஐவிஎஃப் வழியும் இந்த நோயுள்ளவர்களுக்குத் திறந்தே இருக்கிறது.

எந்த மருந்து இருக்கலாம், எது மாற வேண்டும்

மெசலமின் போடுபவர்களுக்கு யோசிக்க ஒன்றுமில்லை, தொடரலாம். சல்ஃபசலாசினும் தொடரலாம், ஆனால் அது உடம்பில் ஃபோலேட் சேர்வதைத் தடுக்கும் மருந்து. ஆகவே ஃபோலிக் அமிலம் தினம் 2 மில்லிகிராமாவது வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் இருப்பது 500 மைக்ரோகிராம்தான், அது போதாது. கடைகளில் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் இங்கே பலர் எழுதித் தருகிறார்கள்.

சல்ஃபசலாசின் போடுவது கணவர் என்றால் விஷயம் வேறு. விந்தணு எண்ணிக்கையையும் அவற்றின் ஓட்டத்தையும் அது குறைக்கும். மெசலமினுக்கு மாறினால் இரண்டு மூன்று மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். குழந்தை தங்கவில்லை என்று மனைவிக்கு மட்டும் ஸ்கேன் மேல் ஸ்கேனாக எடுத்துக்கொண்டிருக்கும் வீடுகளில், கணவரின் மருந்துச் சீட்டையும் ஒரு தரம் பார்த்துவிடுவது செலவில்லாத வேலை.

நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரின்தான் அதிகம் பயமுறுத்தும் மருந்து. டப்பாவுக்குள் இருக்கும் தாளைப் படித்தால் யாருக்கும் கை நடுங்கும். இந்த நோய்க்குத் தரும் அளவில் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் கர்ப்பத்திலும் தொடரலாம் என்பதே இன்றைய வழிகாட்டல். ஆனால் கர்ப்பத்தின் நடுவில் புதிதாகத் தொடங்கக் கூடாது. வேலை செய்ய மாதக் கணக்கில் ஆகும், அதற்குள் ரத்த அணுக்கள் குறைவது, கணைய அழற்சி போன்ற புதுத் தொல்லைகளும் வரலாம். வேண்டும் என்றால் முன்பே தொடங்கிப் பழகியிருக்க வேண்டும்.

கட்டாயம் நிறுத்த வேண்டியவையும் இருக்கின்றன. மெத்தோட்ரெக்ஸேட் கருவைக் கலைக்கும், உறுப்புக் குறைபாடு உண்டாக்கும். குறைந்தது 3 மாதம் முன்பே பெண் அதை விட்டிருக்க வேண்டும். கிரோன்ஸ் நோய்க்கு எப்போதாவது எழுதப்படும் தாலிடோமைடு பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. டோஃபாசிடினிப், உபாடாசிடினிப் போன்ற ஜேக் தடுப்பு மாத்திரைகளையும் முயற்சிக்கு முன் நிறுத்தச் சொல்கிறார்கள். விலங்குச் சோதனைகளில் குறைபாடு தெரிந்தது, மனிதர்களில் கிடைத்திருக்கும் அனுபவம் கொஞ்சம்தான்.

நம் நாட்டில் சிக்கல் வருவது இங்கேதான். டோஃபாசிடினிப்பின் ஜெனரிக் மாத்திரை இந்தியாவில் மலிவாகக் கிடைக்கிறது. உயிரியல் ஊசிக்குச் செலவழிக்க முடியாத இளம் பெண்கள் பலர் அதில்தான் நலமாக இருக்கிறார்கள். உடம்பிலிருந்து அது வெளியேற நான்கு வாரம் போதும் என்பதைப் படித்துவிட்டு, முயற்சிக்கு ஒரு மாதம் முன் நிறுத்தினால் சரி என்று கணக்குப் போடுகிறார்கள். மருந்து வெளியேறும் காலம் அது. அதன் இடத்தில் வரும் புது மருந்து உங்கள் குடலுக்குப் பிடிக்கிறதா என்று தெரிய இன்னும் மூன்று நான்கு மாதம் வேண்டும், அதன் பிறகு அடங்கியிருக்கும் மாதங்கள். ஆக, இந்த மருந்தில் இருப்பவர் குழந்தை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டியது முயற்சிக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு. மெத்தோட்ரெக்ஸேட்டுக்கும் இதே கணக்குதான்.

இன்னொரு வழியையும் அடிக்கடி பார்க்க முடிகிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வயிறு கலங்கினால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போட்டுச் சமாளிப்பது. பழகிய மாத்திரை, விலையும் குறைவு, உடனே கேட்கும். ஒப்பிட்டுப் பார்த்தால் இது அசாதயோபிரினைத் தொடர்வதைவிட மட்டம். கர்ப்பகாலச் சர்க்கரை ஏற்கெனவே நம் பெண்களுக்கு அதிகம் வருவது, ஸ்டீராய்டு அதை இன்னும் தூண்டும், குறைமாதப் பிரசவத்தோடும் அதற்குத் தொடர்பு இருக்கிறது. நோய் கிளம்பிவிட்டால் ஸ்டீராய்டு தரத்தான் வேண்டும், மறுக்கவும் கூடாது. ஆனால் அதையே திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது. லேகியம், பஸ்பம் என்று மாறுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிலவற்றில் ஈயமும் பாதரசமும் கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. அவை கருவுக்கு என்ன செய்யும் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

ஊசி மருந்தும் பிசிஜியும்

இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற உயிரியல் ஊசி போடுபவர்களின் கேள்வி கொஞ்சம் நுட்பமானது. இவை நோய் எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியை அடக்கும் ஆன்டிபாடிகள். கர்ப்பத்தின் முற்பகுதியில், குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலத்தில், நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போவது மிகக் குறைவு. பின்பாதியில் நஞ்சுக்கொடியே இவற்றை வலிய இழுத்துக் குழந்தைக்கு அனுப்புகிறது. பிறக்கும்போது தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் ரத்தத்தில் அதிகம் இருக்கும். மாதக் கணக்கில் தங்கும். இன்ஃப்ளிக்ஸிமாப் சில குழந்தைகளில் ஒரு வருடம் வரைகூட இருந்திருக்கிறது.

இதை வைத்து இரண்டு வழி. ஒன்று, நோய் அடங்கியிருந்தால் ஆறாம் மாதத்தோடு ஊசியை நிறுத்திவிட்டுப் பிரசவத்துக்குப் பின் தொடங்குவது. ஐரோப்பாவில் முன்பு இப்படித்தான் சொன்னார்கள். இரண்டு, நிறுத்தாமல் தொடர்வது. அமெரிக்காவில் உமா மகாதேவன் தலைமையில் நடந்த பியானோ ஆய்வு இதில் பெரிய திருப்பம். 1,490 கர்ப்பங்களைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான அதன் முடிவில், உயிரியல் ஊசியோ அசாதயோபிரின் வகை மருந்தோ பிறவிக் குறைபாட்டையோ, குழந்தையின் முதல் வருடத்துத் தொற்றுகளையோ கூட்டவில்லை. கருச்சிதைவைக் கூட்டியது கிளம்பியிருந்த நோய். அதன் பிறகு ஐரோப்பிய வழிகாட்டல்களும் தொடர்வதன் பக்கம் சாய்ந்துவிட்டன. வெடோலிஸுமாப், உஸ்டெகினுமாப் என்ற வேறு உயிரியல் ஊசிகள் பற்றிய அனுபவம் குறைவுதான், ஆனால் அவற்றையும் தொடரவே சொல்கிறார்கள்.

இடையில் ஒரு நடுவழியும் உண்டு. நிறுத்தாமல், தேதியை மட்டும் பார்த்துப் போடுவது. பிரசவத் தேதிக்கு ஆறு முதல் பத்து வாரம் முன்பு கடைசி இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் என்றால் இரண்டு மூன்று வாரம் முன்பு என்று வைத்தால், குழந்தை பிறக்கும்போது மருந்து அளவு குறைவாக இருக்கும், தாய்க்கும் ஒரு தவணை தவறாது. எனக்குப் பிடித்த வழி இதுதான்.

ஆனால் மேலைநாட்டு வழிகாட்டலை அப்படியே எடுத்துவர முடியாத ஓர் இடம் இருக்கிறது. அங்கே பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறந்ததும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி கிடையாது. இங்கே பிரசவ வார்டிலேயே, டிஸ்சார்ஜ் ஆகும் முன், யாரும் கேட்காமலே இடது தோளில் போட்டுவிடுவார்கள். பிசிஜி உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி. இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டுக்கொண்ட தாய்க்குப் பிறந்த ஒரு குழந்தை, மூன்று மாதத்தில் பிசிஜி போடப்பட்டு, அந்தக் கிருமி உடலெங்கும் பரவி இறந்தது பிரிட்டனிலிருந்து 2010இல் பதிவானது. அந்த ஒரு நிகழ்வுக்குப் பிறகு உலகம் முழுக்க எச்சரிக்கை வந்தது. ஆகவே கர்ப்பத்தில் இந்த ஊசி போட்டிருந்தால் குழந்தைக்கு முதல் 6 மாதம் பிசிஜி கூடாது. ஐரோப்பிய மருந்து ஆணையம் இன்ஃப்ளிக்ஸிமாப்புக்கு 12 மாதம் என்றே எழுதியிருக்கிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். பிசிஜி தள்ளிப்போனால் அந்த மாதங்களில் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் காசநோயிலிருந்து பாதுகாப்பு இல்லை. இதைச் சொல்லி ஆறாம் மாதத்தில் ஊசியை நிறுத்தச் சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாதம் ஒன்றும் பொருளற்றதல்ல. என் கணக்கு வேறு. ஊசியை நிறுத்தினால் நோய் கிளம்பலாம், நிறுத்தினாலும் குழந்தை உடம்பில் மருந்து இருக்காது என்று உறுதி சொல்ல முடியாது. தள்ளிப்போடும் வழிக்கு அரசுத் திட்டமே இடம் தருகிறது: ஒரு வயது வரை பிசிஜி போட்டுக்கொள்ளலாம். அந்த மாதங்களில் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை, பிறகுதான் குழந்தையைத் தூக்குவது. தாத்தாவாக இருந்தாலும் சரி. அந்தக் கண்டிப்பை வைக்க முடியாத வீடு என்றால், ஆறாம் மாதத்தில் நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது.

நடைமுறையில் தவறு நடப்பது வார்டில்தான். குடல் மருத்துவருக்குத் தெரியும், தடுப்பூசி போடும் செவிலியருக்குத் தெரியாது. தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "தாய்க்கு உயிரியல் ஊசி, பிசிஜி தள்ளி வைக்கவும்" என்று எழுதி, எழுதியதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைக்க வேண்டும். பிரசவ மயக்கத்தில் இருக்கும் தாயால் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. போலியோ சொட்டும் உயிருள்ளதுதான், ஊசி வடிவ போலியோ மருந்து இருக்கிறது, அதைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். சொட்டு மருந்து முகாம் அன்று வீடு தேடி வருபவர்களிடமும் சொல்லத் தயாராக இருங்கள். ரோட்டா வைரஸ் சொட்டைத் தரலாம் என்று 2025இன் சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. பிறந்த அன்று போடும் ஹெபடைடிஸ்-பி ஊசி உயிரற்றது, அதைத் தவறவிடக் கூடாது.

ஆபரேஷன்: பிள்ளைக்கு முன்பா, பின்பா?

கொலைட்டிஸ் முற்றிப் பெருங்குடலை எடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் இளம் பெண்களுக்கு மட்டும் இந்தக் கேள்வி. பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலால் ஜே-பவுச் செய்து ஆசனவாயோடு இணைக்கும் அறுவை, இடுப்புக்குள் தழும்பு உண்டாக்கிக் கருக்குழாய்களைப் பாதிக்கும். வயிற்றைத் திறந்து செய்தால் குழந்தையின்மை அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. லேப்ராஸ்கோப்பியில் பாதிப்பு குறைவு. மாற்று வழி: இப்போது பெருங்குடலை மட்டும் எடுத்து, வயிற்றில் பை வைத்துக்கொண்டு, பிள்ளை பெற்ற பிறகு பவுச் செய்துகொள்வது. வயிற்றில் பையோடு கர்ப்பமாவதில் மருத்துவத் தடை இல்லை. புது மருமகள் வயிற்றில் பை என்பதை நம் குடும்பங்கள் எப்படிப் பார்க்கும் என்பதுதான் தடை, அதை அறுவை மருத்துவர் தீர்க்க முடியாது. பவுச் ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் மனம் உடைய வேண்டாம், ஐவிஎஃப் அவர்களுக்கும் கைகொடுக்கிறது.

கர்ப்பத்தில் நோய் கிளம்பினால்

முதல் ஆபத்து, அதை மூலம் என்று சொல்லிவிடுவது. கர்ப்பிணிக்கு மூலமும் வரும்தான். ஆனால் ஏற்கெனவே கொலைட்டிஸ் உள்ளவருக்கு ரத்தமும் சளியும் சேர்ந்து போனால், இரவில் எழுந்து ஓட வேண்டியிருந்தால், அதை மூலம் என்று களிம்பு தந்து அனுப்பக் கூடாது. ஈஎஸ்ஆர், ஹீமோகுளோபின், ஆல்புமின் எல்லாம் கர்ப்பத்தில் இயல்பாகவே மாறும், அவற்றை வைத்து முடிவுக்கு வருவது கடினம். கால்புரோடெக்டின் கர்ப்பத்திலும் நம்பகமானது. குடலை அல்ட்ராசவுண்டில் பார்க்கத் தெரிந்தவர் ஊரில் இருந்தால் இன்னும் நல்லது. தேவையானால் மயக்கமில்லாமல், பேதி மருந்து இல்லாமல் கீழ்க்குடலை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோப்பி செய்யலாம்.

சிகிச்சை கர்ப்பமில்லாதவருக்கு உள்ளதைப் போலத்தான்: ஸ்டீராய்டு, கேட்காவிட்டால் இன்ஃப்ளிக்ஸிமாப். மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போனால் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் ஊசியும் வேண்டும், கேட்டுப் பெறலாம். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை வயிற்றைக் கலக்கினால் முதல் மூன்று மாதம் கழிந்தபின் நரம்பு வழி இரும்பு ஏற்றிக்கொள்ளலாம்.

சுகப்பிரசவமா, சிசேரியனா?

தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன்தான். அதனால் "குடல் நோய் இருக்கிறது, ஆபரேஷனே பாதுகாப்பு" என்று சொன்னால் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. நோய் அதற்குக் காரணமாவது இரண்டு இடத்தில்: ஆசனவாயைச் சுற்றிப் பவுத்திரமோ சீழ்க்கட்டியோ இப்போது கிளம்பியிருந்தால் சிசேரியன். பவுச் இருந்தால் அறுவை மருத்துவரோடு பேசி முடிவு, பெரும்பாலும் சிசேரியன் பக்கம் சாயும். மற்றவர்கள் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். எந்த வழியானாலும் வலிக்கு டைக்லோஃபெனாக் ஊசியோ ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ வழக்கமாகத் தருவார்கள். அது சிலருக்கு நோயைக் கிளப்பும் என்பதால் பாராசிட்டமால் போதுமா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.

பால் கொடுப்பதற்காக மருந்தை நிறுத்துவது இன்னொரு பழக்கம். மெசலமின், பிரெட்னிசலோன், உயிரியல் ஊசி எதையும் நிறுத்தத் தேவையில்லை. அசாதயோபிரின் மாத்திரை போட்டு நான்கு மணி நேரம் கழித்துப் பால் கொடுத்தால், இருக்கிற சொற்ப அளவும் குறையும். ராத்திரி குழந்தை தூங்கியதும் போட்டுக்கொள்ளலாம். மெத்தோட்ரெக்ஸேட், தாலிடோமைடு, டோஃபாசிடினிப் போன்ற ஜேக் தடுப்பு மாத்திரைகள் ஆகியவை பாலூட்டும்போது கூடாது. பிரசவத்துக்குப் பின் ஊசியைத் தொடங்க மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோ தொற்றோ இல்லை என்றால் சுகப்பிரசவம் ஆகி 24 மணி நேரத்திலும் சிசேரியன் ஆகி 48 மணி நேரத்திலும் போடலாம். அடுத்த தவணை எந்தத் தேதி என்பதை எட்டாம் மாதத்திலேயே குடல் மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பிரசவ ஃபைலில் வைத்துவிடுங்கள், பச்சைக் குழந்தையோடு புறநோயாளி வரிசையில் நிற்க யாருக்கும் தெம்பிருக்காது.